பிறவிக் கழுத்துக் கட்டிகளும் அவற்றுக்குரிய சிகிச்சையும்

கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியிலும் உள்ள தோட்டங்களில் வாழும் நம் மக்களிடையே, குழந்தைகளின் உடல்நலம் பற்றிய விழிப்புணர்ச்சி முன்னைவிடப் பெரிதும் வளர்ந்திருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் உடனே கிளினிக்குக்குக் கொண்டு செல்கிறோம். தடுப்பூசி போடும் நாளைத் தவறவிடுவதில்லை. ஆயினும் சில கோளாறுகளைக் குறித்துப் பழைய தயக்கம் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. குழந்தையின் கழுத்தில் தோன்றும் கட்டி அவற்றுள் ஒன்று.

வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பிள்ளை வழக்கம் போல் உண்கிறது, ஓடியாடி விளையாடுகிறது. எனவே, “தானே கரைந்துவிடும்” என்று பெற்றோர் காத்திருக்கின்றனர். கட்டி திடீரென்று சிவந்து வீங்கிச் சீழ் கொண்ட பிறகே மருத்துவரை நாடுகின்றனர். எளிதாக முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை, இந்தத் தாமதத்தால் கடினமாகிவிடுகிறது. ஆகவே, இக்கட்டிகள் யாவை, எவ்வாறு உண்டாகின்றன, இவற்றுக்கு என்ன செய்ய வேண்டும், எவற்றைச் செய்யவே கூடாது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கருவில் தொடங்கும் கதை

தாயின் வயிற்றில் கரு உருவான மூன்றாவது, நான்காவது வாரங்களிலேயே கழுத்தின் அமைப்பு உருப்பெறத் தொடங்குகிறது. தமக்குக் குழந்தை உண்டாகியிருக்கிறது என்பதைத் தாய்மார்கள் பலர் அப்போது அறிந்திருக்கவும் மாட்டார்கள். அவ்வளவு தொடக்க காலத்தில் நிகழும் சிறு குறைபாடே பிற்காலத்தில் கழுத்துக் கட்டியாக வெளிப்படுகிறது.

நம் கழுத்தின் முன்புறத்தில் குரல்வளைக்குச் சற்றுக் கீழே தைராய்டு என்னும் சுரப்பி இருக்கிறது. உடலின் வளர்ச்சிக்கும் சுறுசுறுப்புக்கும் வேண்டிய சுரப்புநீரைத் தருவது இதுவே. இச்சுரப்பி முதலில் தோன்றும் இடம் கழுத்து அன்று. நாக்கின் அடிப்பகுதியே அதன் பிறப்பிடம். அங்கிருந்து அது மெல்லக் கீழ்நோக்கி இறங்கி, ஏறத்தாழ ஏழாவது வாரத்தில் தன் நிலையான இடத்தை அடைகிறது. அது இறங்கி வந்த பாதை மெல்லிய குழாய் போல் இருக்கும். வேலை முடிந்ததும், எட்டாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரத்துக்குள் இக்குழாய் மறைந்துபோக வேண்டும்.

தோட்டத்தில் வெட்டிய வடிகால் ஒன்றை, வேலை முடிந்தபின் மண் கொண்டு மூடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் மூடிவிட்டால் தரை சமமாகிவிடும். நடுவில் ஒரு முழம் மூடப்படாமல் போனால் அங்கே நீர் தேங்கும். கழுத்தில் நிகழ்வதும் இதுவே. குழாயின் ஒரு பகுதி மறையாமல் நின்றுவிட்டால், அதன் உட்சுவரிலிருந்து ஊறும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கிக் கட்டியாகிறது. இக்குழாயின் எச்சம் நூறு பேரில் சுமார் ஏழு பேருக்கு இருக்கக்கூடும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அவர்களுள் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் உண்டாவதில்லை.

நடுக்கழுத்துக் கட்டி

மேலே கூறியவாறு தைராய்டு இறங்கிய பாதையில் உண்டாகும் கட்டியே பிறவிக் கழுத்துக் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது. இது கழுத்தின் நடுவிலோ நடுக்கோட்டை ஒட்டியோ தோன்றும். பெரும்பாலும் உருண்டையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். பிறவியிலேயே இதன் வித்து இருந்தாலும் பிறந்த அன்றே கண்ணுக்குத் தெரிவதில்லை. குழந்தைப் பருவத்திலோ பள்ளிப் பருவத்திலோ, சளி, தொண்டை வலி கண்டதைத் தொடர்ந்து திடீரெனப் புலப்படும். முதிர்ந்த வயதில் முதன்முறையாக வெளிப்படுவதும் உண்டு.

இதை அறிய மருத்துவர்கள் கையாளும் எளிய சோதனை ஒன்று உண்டு. பிள்ளையை வாயைத் திறந்து நாக்கை நன்றாக வெளியே நீட்டச் சொல்வார்கள். அப்போது கட்டி மேல்நோக்கி எழும்பினால், அது நாக்கின் அடியோடு தொடர்புடையது என்று கொள்வார்கள். எச்சில் விழுங்கும்போதும் இக்கட்டி மேலேறும். ஆனால் தைராய்டில் உண்டாகும் கழலையும் விழுங்கும்போது மேலேறும் ஆதலால், நாக்கை நீட்டும் சோதனையே இரண்டையும் பிரித்துக் காட்ட உதவுகிறது. தோலுக்கடியில் உண்டாகும் வேறொரு வகைப் பிறவிக் கட்டியும் இதே நடுக்கோட்டில் வருவதுண்டு. அது பொதுவாக நாக்கோடு சேர்ந்து அசைவதில்லை. இச்சோதனையை நாமே செய்துபார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவர் ஏன் நாக்கை நீட்டச் சொல்கிறார் என்று வியப்படையாமல் ஒத்துழைப்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறோம்.

பக்கக் கழுத்துக் கட்டி

கருவின் நான்காம், ஐந்தாம் வாரங்களில் கழுத்துப் பகுதியில் மீனின் செவுளை ஒத்த வளைவுகள் தோன்றுகின்றன. இவற்றிலிருந்தே தாடை, காது, தொண்டை ஆகியவற்றின் பல பகுதிகள் உருவாகின்றன. வளைவுகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் பின்னர் மூடிவிட வேண்டும். அவ்வாறு மூடாமல் எஞ்சிய இடத்தில் உண்டாவது பக்கக் கழுத்துக் கட்டி. இவ்வகையில் மிகப் பெரும்பாலானவை இரண்டாவது வளைவைச் சார்ந்தவை. இவை தாடையின் கோணத்துக்குக் கீழே, காதின் பின்புறமிருந்து நெஞ்செலும்பு வரை சாய்வாக இறங்கும் தசையின் முன் விளிம்பை ஒட்டித் தோன்றும்.

சில குழந்தைகளுக்குக் கட்டிக்குப் பதிலாக, கழுத்தின் கீழ்ப்பகுதியில் ஊசிமுனை அளவு சிறு துளை இருக்கும். அதிலிருந்து அவ்வப்போது எச்சில் போன்ற நீர் கசியும். சட்டைக் கழுத்து அடிக்கடி ஈரமாவதைக் கண்டே தாய் இதை உணர்வாள். துளை சிறியதுதானே என்று புறக்கணிக்கலாகாது. அதன் உட்பாதை தொண்டையின் உட்புறம், டான்சில் இருக்கும் இடம் வரை செல்லக்கூடும். காதுக்கு அருகே தோன்றும் அரிய வகை ஒன்றும் உண்டு. முகத்தை அசைக்கும் நரம்பு அதன் பக்கத்தில் செல்வதால், அதற்கு மிகுந்த தேர்ச்சியுள்ள அறுவை மருத்துவரே தேவை.

நிணநீர்க் கட்டி

நம் உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் பரவியுள்ளன. கருவில் இவை சரிவர இணையாவிட்டால் நிணநீர் தேங்கி, பல அறைகள் கொண்ட மென்மையான கட்டியாகிறது. அழுத்தினால் பஞ்சு போல் அமுங்கும். இருட்டறையில் விளக்கொளியை அதன்மீது பாய்ச்சினால் ஒளி ஊடுருவித் தெரியும். இவற்றுள் ஏறத்தாழப் பாதி, குழந்தை பிறக்கும்போதே காணப்படும். மற்றவற்றுள் பெரும்பாலானவை இரண்டு வயதுக்குள் வெளிப்பட்டுவிடும்.

பிறவிக் கட்டிகளுள் நாம் மிகவும் அஞ்சி விழிப்பாய் இருக்க வேண்டியது இதுவே. இது பெரிதாக வளர்ந்து நாக்கையும் மூச்சுக்குழலையும் நெருக்கக்கூடும். கட்டிக்குள் இரத்தம் கசிந்தாலோ கிருமி புகுந்தாலோ சில மணி நேரத்துக்குள் வீங்கிவிடும். தாய் கருவுற்றிருக்கும்போதே ஸ்கேன் பரிசோதனையில் இதைப் பல சமயம் கண்டுகொள்ள இயலும். முன்கூட்டியே தெரிந்தால், பிரசவத்தைச் சிறப்பு மருத்துவர்கள் உள்ள பெரிய மருத்துவமனையில் வைத்துக்கொண்டு, குழந்தை பிறந்தவுடன் அதன் மூச்சுப் பாதையைக் காக்க ஏற்பாடு செய்யலாம். கருவுற்ற மகளிர் கிளினிக்குக்குத் தவறாமல் செல்ல வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எல்லா வீக்கமும் பிறவிக் கட்டி அன்று

கழுத்தில் வீக்கம் கண்டவுடன் அது பிறவிக் கட்டியே என்று முடிவு செய்வதும் தவறாகும். பிள்ளைகளுக்குத் தலையில் புண், பல் சொத்தை, தொண்டை வலி ஆகியவை வந்தால் கழுத்தின் நிணநீர்க் கணுக்கள் வீங்கும். காரணம் தீர்ந்தபின் சில வாரங்களில் அவை வற்றிவிடும். ‘பொன்னுக்கு வீங்கி’ என்று நாம் கூறும் நோயில் காதின் கீழ்ப்பகுதி வீங்கும். ‘கண்டமாலை’ என்று முன்னோர் குறிப்பிட்ட கழுத்து வீக்கத்துக்குக் காசநோய்க் கிருமி காரணமாக இருப்பதுண்டு; அதற்கு அறுவை அன்று, பல மாதங்கள் விடாமல் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகளே மருந்து. பிறந்து இரண்டு மூன்று வாரமே ஆன குழந்தையின் கழுத்துத் தசையில் கெட்டியான வீக்கம் தோன்றி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், அது தசையில் ஏற்பட்ட இறுக்கமாக இருக்கலாம். முறையான பயிற்சி அளித்தால் அது பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெரியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நாற்பது வயதைக் கடந்தவருக்குக் கழுத்தின் பக்கத்தில் புதிதாகக் கட்டி தோன்றினால், அதைப் பிறவிக் கட்டி என்று எண்ணி வாளாவிருக்கலாகாது. வாய், தொண்டை, மூக்கின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்டாகும் புற்றுநோய் கழுத்துக்குப் பரவி, முதலில் கட்டியாகவே தலைகாட்டும். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம் அதற்கு முக்கிய காரணமாகும். அப்பழக்கமுள்ள பெரியவர்கள் மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் கழுத்துக் கட்டியையோ ஆறாத வாய்ப்புண்ணையோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

யாருடைய குற்றமும் அன்று

பிள்ளை கட்டியோடு பிறந்தால் வீட்டில் முதலில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவள் தாய். “கிரகணத்தன்று காய் நறுக்கினாள்”, “நிறை வயிற்றோடு வேண்டாத இடத்துக்குப் போனாள்”, “முன்வினை” என்றெல்லாம் சொல்லி அவள் மனத்தைப் புண்படுத்துவோர் உண்டு. மேலே நாம் கண்டவாறு, கருவின் தொடக்க வாரங்களில் ஒரு சிறு குழாயோ பள்ளமோ மூடாமற்போனதே இதற்குக் காரணம். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தாயின் மீதும் எந்தக் குற்றமும் இல்லை. இது தொற்றுநோயும் அன்று. ஒரே பாயில் படுத்தாலும் ஒரே தட்டில் உண்டாலும் மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டாது.

இந்த உண்மையை உணராததால் வேறொரு தீங்கும் நிகழ்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால், ஊரார் என்ன சொல்வார்களோ, நாளை திருமணத்துக்குத் தடையாகுமோ என்று அஞ்சிக் கட்டியை மறைக்கின்றனர். பிள்ளைக்கு எப்போதும் கழுத்து மூடிய உடை. பள்ளிக் கூடத்தில் விளையாட்டுக்குத் தடை. உடன் படிப்போரின் கேலி. கட்டியைவிட, மறைப்பதனால் உண்டாகும் மனக்காயமே பெரிதாகிவிடுகிறது. மறைத்துவைக்கும் ஒவ்வொரு மாதமும் சிகிச்சைக்குரிய நல்ல காலம் வீணாகிறது.

செய்யக் கூடாதவை சிலவற்றையும் இங்கே தெளிவாகக் கூற விரும்புகிறோம். கட்டியின்மீது சூடு போடக் கூடாது. பழுக்கட்டும் என்று சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பற்றுப் போடக் கூடாது. குழந்தையின் மெல்லிய தோல் வெந்து புண்ணாகிவிடும். முள்ளாலோ ஊசியாலோ பிளேடாலோ கீறக் கூடாது. கழுத்தில் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நெருக்கமாகச் செல்கின்றன. அறியாத கை அங்கே கத்தியை வைப்பது உயிருக்கே ஆபத்து. கரையட்டும் என்று அழுத்திப் பிசைந்து உருவுவதும் தகாது.

மீண்டும் மீண்டும் முளைப்பது ஏன்?

பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் எட்டு வயது மகளுக்கு நடுக்கழுத்தில் கட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை அது பழுத்து உடைகிறது. சீழ் வெளியேறியதும் வீக்கம் வடிகிறது. “நல்லவேளை, உடைந்து சரியாகிவிட்டது” என்று குடும்பம் நிம்மதி அடைகிறது. கொடுக்கப்பட்டிருந்த மருத்துவமனைத் தவணைச் சீட்டு அலமாரியிலேயே கிடக்கிறது. மூன்று மாதம் சென்றபின் கட்டி மீண்டும் எழுகிறது. மறுபடியும் உடைகிறது. இப்போது அந்த இடத்தில் ஆறாத துளை ஒன்று நிலைத்துவிடுகிறது. இவ்வாறு நிகழ்வது ஏன்?

லாலான் புல்லை அறியாத தோட்டத் தொழிலாளி இல்லை. மேலே தெரியும் புல்லை எத்தனை முறை வெட்டினாலும் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கு இருக்கும்வரை அது மீண்டும் தளிர்க்கும். நடுக்கழுத்துக் கட்டியும் அத்தகையதே. வெளியே தெரியும் உருண்டை புல் என்றால், நாக்கின் அடிவரை செல்லும் குழாயின் எச்சம் அதன் கிழங்கு.

இதை மருத்துவ உலகமும் அனுபவத்தாலேயே கற்றது. கட்டியை மட்டும் அகற்றிய காலத்தில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது திரும்பி வந்தது. நாக்குக்கும் குரல்வளைக்கும் இடையே குதிரை லாடம் போன்ற சிறிய எலும்பு ஒன்று உண்டு; இதை நாவடி எலும்பு என்பர். தைராய்டு இறங்கிய பாதை இவ்வெலும்பை ஒட்டியும் சில சமயம் அதனூடேயும் செல்கிறது. 1893-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஷ்லாங்கே, கட்டியோடு இவ்வெலும்பின் நடுத்துண்டையும் சேர்த்து அகற்றலானார். பின்னர் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த வால்டர் எல்லிஸ் சிஸ்ட்ரங்க் என்னும் அறுவை மருத்துவர், கட்டி, எலும்பின் நடுத்துண்டு, அதற்குமேல் நாக்கின் அடிவரை உள்ள பாதையைச் சூழ்ந்த தசை ஆகிய மூன்றையும் ஒருசேர அகற்றும் முறையை 1920-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நூறு ஆண்டுகள் கடந்த பின்பும் உலகெங்கும் இம்முறையே சிறந்ததாகக் கையாளப்பட்டு வருகிறது. இவ்வாறு செய்தபின் கட்டி திரும்ப வருவது நூற்றுக்குச் சுமார் மூன்று முதல் பத்துப் பேருக்கே.

இங்கே ஒன்றை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கிருமி புகுந்து பலமுறை சீழ் கொண்ட கட்டியில் சுற்றியுள்ள சதைகள் ஒட்டிக்கொள்கின்றன. எது கட்டி, எது நல்ல சதை என்று பிரித்தறிவது கடினமாகிறது. அதனால் அறுவைக்குப் பின் கட்டி திரும்பவரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே, கட்டி அமைதியாக, வலியில்லாமல் இருக்கும் காலமே அறுவைக்கு ஏற்ற காலம். “வலி இல்லையே, ஏன் போக வேண்டும்?” என்று கேட்கிறோம். வலி இல்லாததனால்தான் இப்போதே போக வேண்டும் என்பதே அதற்கு விடை.

மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் கட்டியைத் தொட்டுப் பார்த்து, எப்போது தோன்றியது, பெரிதாகிச் சிறிதாகிறதா, நீர் கசிகிறதா என்று விசாரிப்பார். அதன்பின் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். இது ஒலியலைகளைக் கொண்டு செய்யப்படுவது. ஊசியோ வலியோ கிடையாது. கட்டிக்குள் இருப்பது நீரா சதையா என்பதை இது காட்டும். நடுக்கழுத்துக் கட்டியில் இன்னொன்றையும் கட்டாயம் பார்ப்பார்கள்: தைராய்டு சுரப்பி தன் இடத்தில் இருக்கிறதா என்பதே அது. அரிதாகச் சிலருக்குச் சுரப்பி கீழே இறங்காமல் வழியிலேயே நின்று, கட்டி போலத் தோற்றமளிக்கும். அதைக் கட்டி என்று எண்ணி அகற்றிவிட்டால், உடலிலுள்ள ஒரே தைராய்டு போய்விடும். அக்குழந்தை ஆயுள் முழுவதும் மாத்திரை உட்கொள்ள நேரிடும். அறுவைக்கு முன் இத்தனை சோதனைகள் எதற்கு என்று சலித்துக்கொள்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டி சீழ் கொண்டிருந்தால் முதலில் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து அதை அடக்குவார்கள். வீக்கம் முற்றும் தணிந்து சில வாரங்கள் சென்ற பின்பே அறுவை நடைபெறும். பக்கக் கழுத்துக் கட்டியாயின், உட்பாதை முழுவதையும் பின்தொடர்ந்து அகற்றுவர். நிணநீர்க் கட்டிக்கு எல்லா வேளையும் அறுவை தேவைப்படுவதில்லை. கட்டிக்குள் ஊசி வழியாக மருந்தைச் செலுத்தி அதைச் சுருங்கச் செய்யும் முறையும் உண்டு. பிளியோமைசின் என்னும் மருந்து இதற்குப் பயன்படுவதுண்டு. ஜப்பானில் 1987-ஆம் ஆண்டு முதல் ஓகே-432 என்னும் மருந்து இவ்வாறு பயன்படுத்தப்பட்டு நல்ல பயன் தந்திருக்கிறது. எந்த முறை ஏற்றது என்பது கட்டியின் அளவையும் இருக்கும் இடத்தையும் பொறுத்தது.

அறுவை முழு மயக்கத்தில் நடைபெறும். குழந்தைக்கு வலி தெரியாது. கழுத்து மடிப்பை ஒட்டிக் கீறுவதால் தழும்பு நாளடைவில் மெல்லிய கோடு போல் மங்கிவிடும். பிள்ளைக்குப் பேச்சு போய்விடுமோ என்று பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். நாவடி எலும்பின் நடுத்துண்டை எடுப்பதனால் பேச்சும் விழுங்குதலும் கெடுவதில்லை. எந்த அறுவையிலும் இரத்தக் கசிவு, கிருமித் தொற்று ஆகிய சில ஆபத்துகள் உண்டு. அவற்றை மருத்துவர் விளக்கிய பின்னரே பெற்றோரின் கையொப்பத்தைப் பெறுவார். புரியாதவற்றை அப்போதே கேட்டுத் தெளிவு பெறுவது நம் உரிமை. மலாய் மொழியில் கேட்கத் தயங்குவோர், தெரிந்த உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.

அறுவைக்கு முன் குழந்தை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று கூறுவார்கள். எத்தனை மணி முதல் என்பதையும் சொல்வார்கள். பிள்ளை பசியால் அழுகிறதே என்று இரக்கப்பட்டுப் பாட்டிமார் சிறிது பாலோ ரொட்டியோ கொடுத்துவிடுவது உண்டு. இது பெருந்தவறு. மயக்கத்தில் வயிற்றிலுள்ளது வாந்தியாகி நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே கேடு விளையும். தவறிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் தாதியிடம் கூறிவிட வேண்டும். அறுவையைத் தள்ளிவைப்பார்கள், அவ்வளவே.

எங்கே செல்வது?

தோட்டத்தில் மருத்துவ உதவியாளர் இருந்தால் முதலில் அவரிடம் காட்டலாம். ‘டிரெசர்’ என்று நாம் அழைக்கும் இவர்களைப் பதிவு செய்வதற்கென 1965-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டியைக் கீறுவது அவர் வேலை அன்று. ஏற்ற இடத்துக்கு அனுப்பிவைப்பதே அவர் கடமை. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்ட மருத்துவமனைகளும் அருகிவிட்டன. எனவே, அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கே நேரே செல்வது நன்று. அங்கே குடிமக்கள் செலுத்தும் வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். குழந்தையின் பிறப்புப் பத்திரத்தையும் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தையும் மறவாமல் கொண்டு செல்ல வேண்டும்.

ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் பகுதியினருக்கும், பத்தாங் பெர்ஜுந்தை என்று நெடுங்காலம் வழங்கி 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பகுதியினருக்கும் வட்டார மருத்துவமனை தஞ்சோங் காராங்கில் இருக்கிறது. உலு சிலாங்கூர்த் தோட்டத்தினருக்குக் கோலகுபு பாரு மருத்துவமனை உண்டு. அங்கிருந்து, தேவையைப் பொறுத்து, சுங்கை பூலோ, செலாயாங், கிள்ளான் ஆகிய இடங்களில் உள்ள பெரிய மருத்துவமனைகளுக்கோ, கோலாலம்பூரில் மகளிருக்கும் குழந்தைகளுக்கும் உரிய துங்கு அசிசா மருத்துவமனைக்கோ அனுப்பிவைப்பார்கள். பரிந்துரைக் கடிதமும் தவணைச் சீட்டும் பொன் போன்றவை. கட்டி சிறுத்துவிட்டது என்று கருதித் தவணையைத் தவறவிட்டால், மீண்டும் வரிசையின் கடைசிக்குச் செல்ல நேரிடும்.

ஒரு நாள் வேலை போனால் அந்த நாள் கூலி போயிற்றே என்ற கவலை நமக்குப் புரியாததன்று. மழை நாளில் வெட்டு இல்லை. மாத இறுதியில் சம்பளமும் குறைவு. அதில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் அலைவது எப்படி என்று பெற்றோர் திகைப்பது இயல்பே. தவணை நாளை முன்கூட்டியே மண்டோரிடமும் நிர்வாகத்திடமும் தெரிவித்து, ஆண்டு விடுப்பை அந்நாளுக்கென ஒதுக்கிவைக்கலாம். நோயாளி தொழிலாளியாகவே இருந்தால், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு அளிக்கிறது. இன்று ஒரு நாள் கூலியை எண்ணித் தயங்கினால், நாளை சீழ் கொண்ட கட்டிக்காகப் பத்து நாள் கூலியை இழக்க வேண்டி வரும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. குழந்தையின் கழுத்தில் கட்டியோ, நீர் கசியும் துளையோ கண்டால், வலி இல்லாவிட்டாலும் சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.

2. சூடு, பற்று, கீறல், பிசைதல் ஆகிய எதுவும் கூடாது.

3. கட்டி உடைந்து வற்றினாலும் நோய் தீர்ந்ததாகாது. தவணையைத் தவறவிடக் கூடாது.

4. கட்டி விரைவாக வீங்குதல், மூச்சு விடும்போது இரைச்சல், எச்சிலை விழுங்க இயலாமல் வடியவிடுதல், உதடு நீலமாதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். காலை வரை காத்திராமல் 999 எண்ணை அழைக்க வேண்டும். அல்லது உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

5. அறுவைக்குப் பின் தையலை ஈரமாக்காமல், மருத்துவர் சொன்னவாறு பேணி, மறு பரிசோதனைக்கும் செல்ல வேண்டும். எடுத்த கட்டியை ஆய்வுக்கூடத்தில் சோதித்து வந்த முடிவைக் கேட்டறிய வேண்டும். நடுக்கழுத்துக் கட்டியில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றில் புற்றுநோய் காணப்படுவதுண்டு. ஆதலால் இதை அலட்சியப்படுத்தலாகாது.

6. பெரியவர்களுக்குத் தோன்றும் புதிய கழுத்துக் கட்டியைச் சிறிதும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

விடியற்காலை இருளில் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லும் பெற்றோரின் உழைப்பெல்லாம் பிள்ளைகளுக்காகவே. பட்டையில் சிறு நோய் கண்டாலும் மரம் கெடுமே என்று உடனே மருந்து பூசுகிறோம். நம் வீட்டுக் குழந்தையின் கழுத்தில் தோன்றும் கட்டிக்கு அதனினும் மிகுந்த கவனம் தேவையன்றோ? ஆயாக் கொட்டகையிலோ அண்டை வீட்டிலோ இத்தகைய குழந்தை இருப்பதை அறிந்தால், தாயைக் குறை கூறாமல், அச்சமூட்டாமல், கிளினிக்குக்கு உடன் செல்ல முன்வருவோமாக. குறித்த காலத்தில் தக்க சிகிச்சை பெற்ற பிள்ளை, கழுத்தில் மெல்லிய கோடு ஒன்றைத் தவிர வேறு குறையின்றி, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து தலைநிமிர்ந்து வளரும்.